மச்சான் வாங்கிய எட்டுச் சக்கர வண்டி

என் மச்சான் இசிடோர் நாக்கோஜிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சர்க்கரை வியாதியில் எடுத்துவிட்டார்கள். ஒரேயடியாகவும் எடுக்கவில்லை. முதலில் இரண்டு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை என்று தவணை முறையில் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் விமானத்தில் தெற்கே கூட்டிப்போய் கொஞ்சம் குறைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவது தடவை அவன் திரும்பி வந்தபோது எங்கள் ஊர் விமானத் தளத்தில் நான்தான் டிரக்கோடு காத்திருந்தேன். சக்கர நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். முகம் சாம்பலாக இருந்தது.

"என்ன மச்சான், செருப்புச் செலவு பாதியாயிடுச்சு போல" என்றேன்.

"அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க மச்சான்" என்றான். "உனக்கு நாக்கை எடுக்கணுமாம்."

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் வடக்கில் இருக்கும் எங்கள் க்ரீ ஜனத்தில் மச்சான்மார் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். மனைவியின் தம்பி, அக்காவின் புருஷன், இவர்களுக்குள் எது பேசினாலும் கேலிதான். பிறந்ததும் கேலி, செத்ததும் கேலி. என் மாமனாரைப் புதைத்த அன்று குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் மண்வெட்டி பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்தால் கிழவர் எழுந்து வந்து தானே தோண்டிக்கொள்வார் என்றான் இவன். எல்லோரும் சிரித்தோம், அழுதோம். மச்சானிடம் முகத்தை இறுக்கிக்கொண்டு பேசினால் உறவு அறுந்துபோயிற்று என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வளர்ந்த மனுஷனிடம் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அவன் புத்தியைக் குறை சொன்னதாக ஆகும். சொல்லியே தீர வேண்டும் என்றால் வேறு யாருக்கோ நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். புரிந்துகொள்வது அவன் பாடு. இரண்டும் நல்ல வழக்கம்தான். என் ஐம்பத்தெட்டு வயது வரை எனக்கு இவற்றில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

இந்த வழக்கத்தை இசிடோர் ஒரே ஒரு தடவை உடைத்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நான் குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நஞ்சமில்லை. ஊர் கராஜில் மோட்டார் ரிப்பேர் என் வேலை. வேலைக்குப் போகாமல் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். ஒரு நாள் மத்தியானம், என் மனைவி சமையலறையில் இருந்தபோது, இவன் வந்தான். எதிரே உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"ஹெக்டர்" என்றான். "குடியை நிறுத்து. இல்லன்னா எங்க அக்காவை நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். நான் கையில் கிடைத்த ஸ்பேனரை அவன் முதுகைப் பார்த்து வீசினேன். கதவில் பட்டது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. ஆனால் மூன்றாவது மாதமே குடியை விட்டுவிட்டேன். வருஷம் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடிக்கும்போது இதைவிட அழகா இருந்த மச்சான்" என்றான். பிறகு எல்லாம் பழையபடி ஆயிற்று. அந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்ததே இல்லை.

இசிடோர் பிறந்தது ஆற்றின் மேலே, ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டரில் உள்ள அவன் அப்பா அந்துவானின் வேட்டைக் கூடாரத்தில். ஏழு வயதில் அரசாங்க விமானம் வந்து, எங்கள் பாஷை பேசவிடாத விடுதிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பதினேழு வயதில் பாதி பாஷையோடு திரும்பி வந்தான். மீதியைக் காட்டில் பிடித்துக்கொண்டான். விமானத் தளத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான், முப்பது வருஷம். கல்யாணம் செய்துகொண்டவள் நாலு வருஷம் இருந்து பார்த்துவிட்டு நகரத்துக்குப் போய்விட்டாள். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் நாங்கள் இருந்தோம், சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அதை அவன் சும்மா வாங்கிக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருஷமும் இலை உதிரும் காலத்தில் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு அப்பாவின் இடத்துக்குப் போவான். ஒரு மூஸ் இல்லாமல் திரும்பியதில்லை. குதிரையைவிட உயரமான மான் அது, ஒன்று விழுந்தால் பத்து வீடு சாப்பிடலாம். இவன் அடித்தால் இருபது வீடு சாப்பிட்டது. ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு முதலில் பங்கு போகும். நாக்கும் மூக்கும் வயசானவர்களுக்கு. அவனுக்கென்று மிஞ்சியது விலா எலும்பு.

கால் போன பிறகு நாலு இலையுதிர் காலம் அவன் வீட்டுக்கு மற்றவர்கள் பங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பங்குதான், நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அவன் வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பான். சாப்பிட மாட்டான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பான். என் மனைவி எம்மலின் சூப் கொண்டுபோனால், அங்கே வை அக்கா என்பான். மறுநாள் போனால் அப்படியே இருக்கும். நான் போய் ஏதாவது சீண்டினால் "ம்" என்பான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மச்சான் திருப்பிச் சீண்டவில்லை என்றால் பாதி ஆள் ஏற்கெனவே போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் நாற்காலியிலேயே செத்துவிடுவான் என்று எம்மலின் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

அதனால்தான் அந்த ஜனவரியில் அவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கராஜுக்குள் வந்து, வண்டிப் படங்கள் போட்ட புத்தகத்தை என் மேஜையில் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மச்சான், நான் இறங்கவே வேண்டாத வண்டி ஒண்ணு இருக்கு" என்றான்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படகு ஆற்றில் போகும், ஆற்றோடு நின்றுவிடும். மூஸ் நிற்பது உள்ளே. இடையில் சதுப்பு. மேலே பாசி, கீழே சேறு, நடுநடுவே குட்டை. இரண்டு கால் உள்ளவனே இடுப்பு வரை இறங்கிவிடுவான். சாதாரண நாலு சக்கர வண்டியை அங்கே விட்டால் மூழ்கும். அதை ஓட்டவும் இரண்டு முழங்காலும் வேண்டும். இவன் காட்டிய வண்டி வேறு மாதிரி. பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்கு இரண்டு பக்கமும் குண்டு டயர்கள். சதுப்பில் மேலோடு உருண்டு போகும். தண்ணீரில் இறங்கினால் தொட்டி மிதக்கும், சுற்றுகிற டயரே துடுப்பு. முக்கியமாக, முடுக்குவதும் பிரேக்கும் கைப்பிடியிலேயே. காலுக்கு ஒரு வேலையும் இல்லை.

பிப்ரவரியில் சதுப்பெல்லாம் உறைந்து குளிர்கால ரோடு திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் என் டிரக்கில் தெற்கே போனோம். ஒரு பகல் முழுக்க ஓட்டம். ரயில் வந்து நிற்கிற ஊரில் ராஸ் என்பவரின் கொட்டகையில் மூன்று வண்டி நின்றது. ஒன்று ஆறு சக்கரம். ஒன்று எட்டுச் சக்கரம். மூன்றாவதும் எட்டுச் சக்கரம்தான், ஆனால் டயர்களைச் சுற்றி டாங்கி வண்டிக்கு இருப்பதுபோல ரப்பர் பட்டை மாட்டியிருந்தது.

ஆறு சக்கர வண்டியில் இசிடோர் ஏறி உட்கார்ந்தான். கால் நீட்ட இடமில்லை, இருக்கிற ஒரு காலுக்கே இடமில்லை. ஒரு மூஸின் பாதியைக்கூட அதில் ஏற்ற முடியாது. அது வேண்டாம் என்றாயிற்று. மிச்சம் இரண்டு. ராஸ் நல்ல மனுஷன், எதையும் மறைக்கவில்லை. உள்ளே திருகி வைத்திருந்த தகட்டைத் துடைத்துக் காட்டினார். தாங்கும் பாரம் தரையில் ஐந்நூற்று இருபது கிலோ, தண்ணீரில் நானூறு. பட்டை போட்டால் அதன் கனத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும், இரண்டும் சேர்ந்து நூற்று இருபது கிலோ என்றும் சொன்னார். இசிடோர் தலையாட்டினான். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

அவன் கண் பட்டை போட்டதன் மேலேயே இருந்தது. ஏன் என்றும் எனக்குத் தெரியும். வெறும் டயர் சேற்றில் சிக்கினால் மற்றவன் இறங்கித் தள்ளுவான், மரத்தில் கயிறு கட்டி இழுப்பான். இவனால் இறங்க முடியாது. சதுப்பு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவன் கனவில் வரும் பயம். அவன் சேற்றுக்குப் பயந்தான். நான் ஆற்றுக்குப் பயந்தேன்.

"நீ என்ன சொல்ற மச்சான்?" என்று கேட்டான்.

அவன் குரலில் கேலி இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: எட்டுச் சக்கரத்தை வாங்கு, சதுப்பில் பட்டையைப் போடு, ஆற்றில் இறங்கும் முன் கழற்று. நாலு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்திருக்கிற மச்சானிடம் வாத்தியார் மாதிரிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"ஆறு வாங்கினா நீ போலாம். எட்டு வாங்கினா உன் வயிறும் கூட வரலாம்" என்றேன். "பட்டையும் போட்டுக்கிட்டா மூணு பேரும் சேர்ந்து ஆத்துக்கு அடியில குடித்தனம் பண்ணலாம்."

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். பாஷை தெரியாத ராஸும் சேர்ந்து சிரித்தார். பட்டை போட்ட வண்டியை டிரக்கில் ஏற்றினோம். விலைக்குப் பதிலாக அவனுடைய படகும் பனியில் சறுக்கும் மோட்டார் வண்டியும் ராஸின் கொட்டகைக்குப் போயின.

பனி உருகியதும் அந்த வண்டி எங்கள் ஊர் சந்துகளில் ஓடிற்று. நாய்கள் துரத்தின. இசிடோர் தபால் வாங்கப் போவதற்கும் அதில்தான் போனான். எம்மலின் வைத்த சூப்பைக் குடித்தான், உப்பு இல்லை என்று குறை சொன்னான். அவள் சமையலறைக்குள் வந்து சந்தோஷத்தில் அழுதாள். அந்தக் கோடையை யாரும் எங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆற்றில் நீரோட்டம் அதிகம், டயர் சுற்றி மட்டும் எதிர்த்துப் போக முடியாது. பின்னால் ஒரு சின்னப் படகு மோட்டார் மாட்ட வேண்டும் என்றான். அதற்கான சட்டத்தை நானே வெல்டிங் செய்து கொடுத்தேன். மோட்டாரும் பெட்ரோலும் முப்பது கிலோ, எல்லாம் பின்பக்கத்துக் கனம். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தொட்டியின் அடியில், அவன் கேட்காமலே, தண்ணீர் இறைக்கும் பம்ப் இன்னொன்று வைத்தேன். வாயால் சொல்லாததைப் பம்ப்பாக மாட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு மச்சான் இரண்டு பம்ப் என்று கேட்டான். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று நீ குடிக்கிற டீக்கு என்றேன். வேறொரு நாள் சர்க்கரை மூட்டை ஏற்றிப் படகோடு முழுகிப்போன ஒருவனின் கதையைச் சொன்னேன். முறைப்படி சொன்னேன், வேறு யாருக்கோ நடந்தது என்று. முழுகியவன் உங்கள் பக்கத்துச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான் என்றான். மச்சான் சொன்னால் கதையும் கேலிதானே.

செப்டம்பர் கடைசியில் அந்துவானின் பழைய இடத்துக்குப் போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சாமானையும் வண்டியையும் ஊர்ப் பையன்கள் பெரிய சரக்குப் படகில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆற்றின் தெற்குக் கரையில் கூடாரம் போட்டோம். தகர அடுப்பு, ஊசியிலைக் கிளை பரப்பிய தரை. நாலு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஆற்றைக் கடந்து வடக்குப் பக்கம் போனோம். வண்டி வெறுமையாக இருந்ததால் வாத்து மாதிரி மிதந்தது. சதுப்பைத் தாண்டி ஒரு குட்டையின் விளிம்பில் நின்றோம். இசிடோர் பிர்ச் மரப்பட்டைக் கூம்பை வாயில் வைத்துப் பெண் மூஸ் மாதிரி கூப்பிட்டான். இரண்டு மணி நேரம் கூப்பிட்டான்.

மத்தியானம் போல ஒரு கொம்பன் மூஸ் வந்தது. குட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரில் இறங்கி நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. இசிடோர் இருக்கையை விட்டு அசையாமல் ஒரே ஒரு குண்டு சுட்டான். அது கரையேறி வந்து, வண்டிக்குப் பத்து அடி தூரத்தில் காய்ந்த தரையில் விழுந்தது.

அவன் துப்பாக்கியை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தான். நான் திரும்பிக்கொண்டேன். எங்கள் கணக்கில் மூஸை நாங்கள் கொல்வதில்லை. அது யாருக்குத் தன்னைக் கொடுக்க நினைக்கிறதோ அவனிடம் வருகிறது. நாலு வருஷம் கழித்து, ஒரு காலோடு உட்கார்ந்திருந்தவனிடம், நடந்து வந்து விழுந்திருக்கிறது. சுமப்பதற்கு நீ வர மாட்டாய் என்று அதற்குத் தெரிந்துவிட்டது மச்சான், அதனால்தான் அதுவே வண்டிக்குப் பக்கத்தில் வந்து படுத்தது என்றேன். அழுதுகொண்டே சிரித்தான்.

தோலை உரித்து வெட்டியது பெரும்பாலும் நான். கழுத்தடியில் தொங்கும் தாடித் தோலை மரத்தில் கட்டுவது எங்கள் மரியாதை. அதை மட்டும் தானே செய்ய வேண்டும் என்று பொய்க்காலை மாட்டிக்கொண்டு இறங்கினான். பத்து அடி நடந்து கட்டிவிட்டு வர அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நான் நடக்க, அவன் ஓட்ட, ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி ஐந்து. ஆறரைக்கு இருட்டிவிடும். கரை மணலில் காலையில் இல்லாத கரடித் தடம் ஒன்று இருந்தது.

நான் மோட்டார் மெக்கானிக். எனக்குக் கணக்குத் தானாக ஓடும். தண்ணீரில் நானூறு. பட்டை நூற்று இருபது, மோட்டார் முப்பது, இசிடோர் நூறு. மிச்சம் நூற்றைம்பது. பின்னால் கட்டியிருந்த மூஸ், குறைத்துச் சொன்னாலும் முந்நூறு கிலோ. பாதியை இறக்க வேண்டும், அல்லது பட்டையைக் கழற்ற வேண்டும். பட்டையைக் கழற்ற அரை மணி நேரம்; பாரம் ஏறக்குறையச் சரியாகிவிடும், ஆனால் திரும்பி வந்து என்னை ஏற்றிப்போவதற்குள் இருட்டிவிடும். பாதியை இறக்கினால் இரண்டு நடை, பிறகு என்னை ஏற்ற ஒரு நடை. மேலே ஏறி நீரோட்டத்துக்குச் சாய்ந்து வர வேண்டும் என்பதால் ஒரு நடை போய்வர முக்கால் மணி. இருட்டிவிடும். இருட்டில் அவன் ஆற்றில் இறங்க மாட்டான். யாராவது ஒருத்தர் பாதி இறைச்சியோடும் துப்பாக்கியோடும் இந்தக் கரையில் படுக்க வேண்டும். அது நான்தான். இறைச்சியைக் கரடிக்கு விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தன்னைக் கொடுத்த மூஸைப் போட்டுவிட்டுப் போனவனிடம் இன்னொரு மூஸ் வராது.

நான் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் குளிரிற்று. கை விறைத்திருந்தது. கூடாரத்து அடுப்பும் சூடான சூப்பும் எனக்கும் வேண்டியிருந்தது.

"மச்சான், கொம்பனை ஓட்டச் சொல்லிட்டு நீ நீந்தி வா. அதுதான் உன்னைவிட லேசு" என்றேன்.

"நீதான் கனம். நீ இங்கயே நில்லு" என்று சிரித்தான். "இதை அந்தப் பக்கம் தள்ளிட்டு வந்து உன்னை ஏத்திக்கறேன். உன்னை இங்க படுக்க வச்சுட்டுப் போனா அக்கா என்னை அறுத்துச் சூப்பு வச்சுடுவா."

பொய்க்கால் உரசுகிறது என்று கழற்றிப் பக்கத்தில் செருகிக்கொண்டான். மிதவைச் சட்டையை மடித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான், வழக்கம்போல. அதை அடைகாத்து என்ன குஞ்சு பொரிக்கப் போகிறாய் என்று கேட்டேன். உனக்கு ஒரு தம்பி என்றான்.

தண்ணீரில் இறங்கியதும் பின்பக்கம் தாழ்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். இசிடோர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், திரும்பு என்று சொல்ல வேண்டும். அவனே திரும்பிப் பார்த்தான். கையை ஆட்டினான். நானும் கையை ஆட்டினேன்.

கரையோரமாக மேலே ஏறினான், நன்றாகத்தான் போனான். பிறகு நடு ஆற்றுக்குத் திருப்பினான். அங்கே அடியில் பாறை, தண்ணீர் சுளித்து எழும்பும். ஒரு அலை பின்பக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தது. பெரிய அலைகூட இல்லை. இரண்டு பம்ப்பும் ஓடத் தொடங்கின, இரண்டு தாரை தண்ணீர் பக்கவாட்டில் பாய்வது எனக்குத் தெரிந்தது. இன்னொரு அலை வந்தது. படகு மோட்டார் நின்றது. வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, மூக்கைத் தூக்கி, அந்தப் பட்டைகள் இரண்டும் வெட்டவெளியில் சுற்றிக்கொண்டே கீழே போயிற்று. எண்ணிப் பார்த்தால் இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அவன் தலை ஒரு தடவை தெரிந்தது. ஏதோ கத்தினான். என்னவென்று கேட்கவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயரைச் சொல்லித்தான் கத்தினேன்.

எந்தக் கரையில் நான் படுக்கக் கூடாது என்று அவன் ஒரே நடையில் போனானோ, அந்தக் கரையில்தான் அன்றைக்குப் படுத்தேன். உதவி கேட்கும் அடையாளமாக மூன்று மூன்றாகத் துப்பாக்கியைச் சுட்டேன். மறுநாள் காலையில் கீழே வாத்து வேட்டைக்கு வந்திருந்த இரண்டு பேர் படகில் வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

பொய்க்கால் முதலில் கிடைத்தது. மூன்று கிலோமீட்டர் கீழே மணல்திட்டில் செருப்போடு கிடந்தது. மறுநாள் அவனும் கிடைத்தான். மூன்றாம் நாள் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கம்பி போட்டு வண்டியை இழுத்தார்கள். மூஸின் தொடையும் தோளும் தலையும் கட்டியது கட்டியபடி இருந்தன. ஒரு முடிச்சு அவிழவில்லை. ஆற்றுத் தண்ணீர் கிட்டத்தட்ட பனிக்கட்டிக் குளிர், இறைச்சி துளிகூடக் கெடவில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தொடப் பயந்தார்கள். இசிடோரின் அத்தை மர்சலின் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதைக் கொண்டுவரத்தானே அவன் செத்தான், இதை எறிந்தால் அவன் எதற்காகச் செத்தான் என்று கேட்டாள். ஆண்கள் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

புதைத்த அன்று பள்ளிக்கூடக் கூடத்தில் விருந்து. கால் இரண்டும் வைத்துத்தான் புதைத்தோம். வழக்கப்படி குழியருகே நான் ஏதாவது கேலி சொல்ல வேண்டும், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

கூடத்தில் பெரிய அண்டாக்களில் மூஸ் வெந்தது. ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. எம்மலின்தான் பரிமாறினாள். தம்பி போன நாளிலிருந்து அவள் என்னிடம் வேண்டியதற்கு மேல் பேசவில்லை. என் முன்னால் தட்டை வைத்தாள். விலா எலும்பு. அவன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு. வைத்துவிட்டுப் போகவில்லை, நின்றாள்.

"கனம் ஜாஸ்தின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்படிச் சொன்ன?"

கரையில் சொன்னதை அவளிடம் அப்படியே திருப்பிச் சொன்னேன். கொம்பனை ஓட்டச் சொல்லிட்டு நீ நீந்தி வா என்று. சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கரண்டியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவன் உன்கிட்ட ஒரு தடவை கேலி பண்ணாம பேசினான்" என்றாள். "தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு."

கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். மூஸ் இறைச்சியைத் தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. எலும்பில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி, முழுசும் தின்று முடித்தேன்.